மெட்டுகளுக்கு நடுவே பிறந்த வாசிப்பு

ஈஜிபுராவின் மேம்பாலத் தூண்களைத் தாண்டி விவேக்நகர் பக்கம் திரும்பினால், சாயங்காலத்தில் ஏதாவது ஒரு மாடி வீட்டிலிருந்து கிட்டார் சத்தம் வரும். தமிழ் நிறையப் புழங்கும் பகுதி இது. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது படையோடும் படைக்கு வேலை செய்யவும் வந்து சேர்ந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் அல்சூர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா என்று பரவினார்கள். பிறகு பிழைப்புக்காக வந்தவர்கள் ஈஜிபுரா வரை நிறைந்தார்கள். குழந்தை ஏசு கோயில் நடந்து போகிற தூரம்தான். கோயில் பாடல்குழு, கல்லூரி விழா, சினிமாப் பாட்டு என்று ஏதோ ஒரு வாசல் வழியாகக் கிட்டார் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

கிட்டார் பழகும் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வருகிறார்கள். ஜி, சி, டி என்று கார்டு பிடிக்கப் பழகி, விரல் நுனி காய்த்துப்போன பிறகு யாராவது பாடினால் ரிதம் போடுவார்கள். அதற்கடுத்து வரும் ஆசைக்கு ‘லீட்’ என்று பெயர். எழுதி வைத்ததை வாசிக்காமல், அந்த நேரத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். அப்போது மூத்தவர் யாராவது ஐந்து சுரங்களை ஒரு பெட்டியாக வரைந்து காட்டி, “இதுக்குள்ள எங்க வேணா போ, தப்பா கேக்காது” என்பார். அதற்குள் எங்கே போனாலும் தப்பாகக் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் சில மாதங்களில் பிள்ளைக்கு அலுத்துவிடும். விரல் ஓடுகிறது, பேச்சு வரவில்லை. கிட்டாரைக் கீழே வைத்துவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வைக்கிறார்கள்.

தோன்றுவதை அந்தக் கணத்திலேயே வாசிக்கும் நம் மனோதர்மம் கிட்டாரில் பிறந்த கதையை இவர்களுக்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பிறந்த ஒரு தமிழ் வித்வானும், இங்கிலாந்தில் பிறந்த ஒரு கிட்டார்க்காரரும், அமெரிக்காவில் கிட்டார் செய்யும் ஓர் இளைஞரும் இந்தக் கதையில் வருகிறார்கள். ஈஜிபுராப் பிள்ளை தடுக்கி நிற்கும் அதே இடத்தில், உலகப் புகழ் பெற்ற பிறகும், அந்தக் கிட்டார்க்காரர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதலில் கொஞ்சம் முன்கதை. கிட்டார் வெகுகாலம் பக்கவாத்தியமாகவே இருந்தது. கூட்டத்தில் அதன் சத்தம் எழும்பாது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் அதை விழுங்கிவிடும். ஐரோப்பாவில் ஜாங்கோ ராய்ன்ஹார்ட் 1928இல் தன் வண்டி வீடு தீப்பிடித்ததில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மிச்சமிருந்த விரல்களைக் கொண்டே புது வாசிப்பு முறையை உண்டாக்கி, 1934 முதல் பாரிஸில் தன் குழுவோடு ஒலிப்பதிவுகள் செய்தார். அமெரிக்காவில் சார்லி கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மேன் குழுவில் மின்சாரக் கிட்டாரோடு உட்கார்ந்தார். அதன் பிறகு கிட்டாருக்கும் தனி வாசிப்பு கிடைத்தது. 1942இல் 25 வயதில் அவர் காலமாகிவிட்டார். ப்ளூஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் தந்தியை ஓரமாகத் தள்ளி வளைத்து, மனிதக் குரலின் அழுகையையும் கெஞ்சலையும் கொண்டுவந்தார்கள். இன்று எல்லாப் பிள்ளைகளும் ‘பெண்டிங்’ என்று சொல்வது அவர்கள் கொடுத்த சொத்து. குரலைப் போலக் கேட்க வேண்டும் என்ற தவிப்பு அங்கேயும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜான் மக்லாக்லின் 1942இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். அம்மா வயலின் வாசிப்பார். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1969ஆம் ஆண்டு ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினார். இரட்டைக் கழுத்து கிப்சன் கிட்டாரோடு அவர் மேடையில் நின்றால் இடி இடிப்பதுபோல் இருக்கும். வேகத்திலும் சத்தத்திலும் அன்று அவருக்கு இணை சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்டவர் 1970களின் தொடக்கத்தில், கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் வித்வானிடம் மாணவராகப் போய் உட்கார்ந்து வீணை கற்றுக்கொண்டார்.

அந்த வித்வான் டாக்டர் எஸ். ராமநாதன். 1917இல் வளவனூரில் பிறந்தவர். பாடுவார், வீணை வாசிப்பார், ஆராய்ச்சி செய்வார், எல்லாவற்றையும்விட மேலாகச் சொல்லிக்கொடுப்பார். சிலப்பதிகாரத்து இசையைப் பற்றி ஆராய்ந்து அதே வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1985இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. 1988இல் காலமானார். எஸ். சௌம்யாவும் பி. உன்னிகிருஷ்ணனும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தாம். தமிழ்நாட்டில் அவரைப் பாடகர் என்றும் பேராசிரியர் என்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். உலகக் கிட்டார் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம்மவர்கள் போதுமான அளவு பேசவில்லை. இளங்கோவடிகளின் யாழைத் தேடிப் போன ஒரு தமிழறிஞரின் வீணைப் பாடம் ஒரு கிட்டாரின் உடம்பையே மாற்றியது. பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய செய்தி இது.

வெஸ்லியன் அன்று சாதாரண இடமாக இருக்கவில்லை. நடனக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்கள் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் மிருதங்கம் டி. ரங்கநாதனும் அங்கே கற்பித்தார்கள். ராமநாதபுரம் வி. ராகவன் மிருதங்கம் கற்பித்தார். வயலின் எல். சங்கர் அங்கே ஆய்வு மாணவர். சங்கரின் தகப்பனார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். சங்கர் வளர்ந்ததும் அங்கேதான். வளவனூரும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஓர் அமெரிக்கச் சிற்றூரில் கூடியிருந்த நேரத்தில் மக்லாக்லின் அங்கே போய்ச் சேர்ந்தார்.

வீணையில் அவர் கண்டது என்ன? இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

வீணையின் தண்டியில் இருபுறமும் மெழுகு வரம்பு கட்டி, அதன்மேல் 24 பித்தளை மெட்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் நடுவே பள்ளம். தந்தியை அழுத்தும்போது விரல் நுனிக்குக் கீழே மரம் தட்டுவதில்லை, காற்றுதான் இருக்கிறது. அதனால் விரல் தந்தியை முழுதாகப் பற்றிக்கொள்ள முடிகிறது. அப்படியே ஓரமாக இழுத்தால் ஒரே மெட்டில் இரண்டு, மூன்று, நான்கு சுரஸ்தானங்கள் வரை ஏறலாம். இழுத்ததைத் தளர்த்தி, ஆட்டி, நிறுத்தி, நழுவவிடலாம். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரு வைணிகர் வாசிப்பதைப் பாருங்கள். காந்தாரத்துக்கு உரிய மெட்டில் விரலை வைத்து நேராக மீட்டினால் தோடி வராது. கீழ்ச் சுரத்தின் மெட்டில் பிடித்து, தந்தியை மேலே இழுத்து, மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும் அசைத்தால்தான் அந்தக் காந்தாரம் உயிர் பெறும். காதில் விழுவது ஒரு சுரம், ஆனால் அதற்குள் ஒரு பயணம் நடக்கிறது. கமகம் என்பது இதுதான். ஒரு ராகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் பாதி வேலை கமகத்துடையது.

சாதாரணக் கிட்டாரில் இதைச் செய்து பாருங்கள். இரும்புத் தந்தியை ஒரு முழுச் சுரம், அதாவது இரண்டு ஃப்ரெட் (கிட்டாரின் மெட்டு) அளவுக்கு, வளைக்க வேண்டுமானால் அதன் இறுக்கம் கால் பங்குக்கு மேல் கூட வேண்டும். மூன்று ஃப்ரெட் அளவுக்கு வளைக்க நாற்பது சதவீதம் கூட வேண்டும். அத்தனை பலம் கொடுக்கும்போது விரலின் சதை மரத்தில் அழுந்தித் தேய்கிறது, தந்தி நகத்துக்கு அடியில் நழுவிப் போகிறது. ப்ளூஸ்காரர்கள் இதையும் மீறி வளைத்தார்கள். ஆனால் ஓர் ஆலாபனை முழுவதும், ஒவ்வொரு சுரத்திலும், மெல்லியதும் ஆழமானதுமான அசைவுகளை அப்படிக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. கையில் வலு இருந்தாலும் நுட்பம் தங்காது.

மக்லாக்லின் வீணையை எடுத்துக்கொண்டு வைணிகராகிவிடவில்லை. தன் வாத்தியம் கிட்டார்தான் என்பதில் தெளிவாக இருந்தார். வீணையின் அந்தப் பள்ளத்தைக் கிட்டாருக்குக் கொண்டுபோனார். கிப்சன் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்த ஏப்ரகாம் வெக்டர் என்ற இளம் கிட்டார்த் தச்சர் அவருக்காக ஜே-200 வகைக் கிட்டார் ஒன்றை மாற்றி அமைத்தார். ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருந்த மரத்தைக் குழிவாகச் செதுக்கி எடுத்தார்கள். ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள் தனியாகக் கட்டினார்கள். வாசிப்புக்கு நடுவே அவற்றை ஒரு வருடு வருடினால் சுருதி எழும்பும். மின்சாரம் கிடையாது, ஆளுயர ஸ்பீக்கர் கிடையாது. இடி முழக்கத்தை விட்டுவிட்டு வந்த மனிதர் ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து இதை வாசித்தார்.

குழித்த பலகை அவருக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று சொல்லக்கூடாது. ராக் உலகத்தில் ரிச்சி பிளாக்மோர் அதே காலத்தில் தன் கிட்டாரைக் குழித்திருந்தார். பின்னால் இங்வே மால்ம்ஸ்டீன் அதைப் பிரபலமாக்கினார். அவர்கள் அதை வேகத்துக்கும் நீண்ட வளைவுக்கும் பயன்படுத்தினார்கள். ராகத்துக்காக, கமகத்துக்காக என்று ஒரு கிட்டாரின் உடம்பு மாறியது மக்லாக்லின் கையில்தான்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் அந்தக் கிட்டார் கச்சேரிக்கு வந்தது. குழுவின் பெயர் சக்தி. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். அன்றைய ஒலிப்பதிவு 1976இல் ஆல்பமாக வெளிவந்தது. ‘ஜாய்’ என்ற அதன் முதல் உருப்படி பதினெட்டு நிமிடம் ஓடும். இன்றைக்குக் கேட்டாலும், கிட்டாரும் வயலினும் கேள்வி பதிலாகச் சுரங்களைக் குறைத்துக் குறைத்து நெருங்கி வரும்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. நம் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் கற்பனை ஸ்வரத்தில் செய்யும் குறைப்புதான் அது. முதலில் எட்டுத் தட்டு, பிறகு நான்கு, இரண்டு, ஒன்று, கடைசியில் எல்லோரும் சேர்ந்து கோர்வை. அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் பதிவில் கேட்கும் கைதட்டல் தாளம் புரிந்தவர்களின் கைதட்டலாகத்தான் இருக்கிறது.

இதோடு கதை முடிந்திருந்தால், நம் சங்கீதம் ஒரு வெளிநாட்டுக் கலைஞருக்குக் கை கொடுத்தது என்பதோடு நின்றிருக்கும். எனக்கு இதன் அடுத்த பிறப்புதான் இன்னும் பெரியதாகப் படுகிறது. மக்லாக்லின் ராகத்தை வைத்துத் தன் இசையை வாசித்தார். கிட்டாரில் கீர்த்தனை வாசித்து, ஆலாபனை செய்து, நிரவலும் ஸ்வரமும் போட்டு, ஒரு முழுக் கர்நாடகக் கச்சேரி செய்வது வேறு வேலை. அங்கே கேட்கிறவர்கள் ராகத்தை அறிந்தவர்கள். ஒரு பிடி பிசகினாலும் சபையின் முதல் வரிசை முகத்தைச் சுளிக்கும்.

அந்தச் சபை அந்நிய வாத்தியத்தை ஏற்றுக்கொள்ளாத சபையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் வயலினை எடுத்துக்கொண்டபோது அதுவும் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியம்தான். இன்று வயலின் இல்லாமல் கச்சேரியை நினைக்க முடியுமா? 1980களில் சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து தந்தி மின்சார மேண்டலினோடு சென்னை சபாக்களைக் கட்டிப்போட்டார். அதே காலத்தில் சுகுமார் பிரசாத் மின்சாரக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். அந்தப் பாதையை வெட்டியவர்களில் முதல் பெயர் அவருடையது. அவரைப் பற்றி இன்று பேசுவோர் குறைவு. பேச வேண்டும்.

பிறகு ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா வந்தார். ஐஐடி மெட்ராஸில் கப்பல் பொறியியல் படித்தார், பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ் படித்தார். திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் ஏ. கன்யாகுமரியிடமும் கர்நாடக சங்கீதம் கற்றார். அவர் வாசிப்பில் நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது இடக்கையைத்தான். ஒரு சுரத்தை எங்கே வளைத்து எடுப்பது, எங்கே சறுக்கி எடுப்பது, எங்கே நேராக நிறுத்துவது என்று ஒவ்வொரு பிடிக்கும் ஒரு முடிவு இருக்கிறது. பாடகரின் தொண்டை தானாகச் செய்துவிடும் காரியத்தை விரல் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. யோசித்து யோசித்து அது யோசனை இல்லாமலே வரும்வரை பழகியிருக்கிறார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006இல் அவர் வெளியிட்ட ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ ஆல்பத்தையும், அவருடைய கர்நாடகக் கச்சேரி ஒன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் அதே கைதான். எது எந்த வீட்டுச் சங்கீதம் என்பதை அந்தக் கை மறந்துபோவதே இல்லை.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு, அது தாளத்தின் பக்கம். டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் என்ற தாளக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் ஆர்.ஏ. ராமமணி பாடகி, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலிலும் தேர்ந்தவர். ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த சென்னைக்காரர் ரமேஷ் சோத்தம் அங்கே போய்த் தவில் கற்றார். நாகஸ்வரம் பயின்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ இந்தக் கல்லூரிக் குழுவோடு சேர்ந்து 1983இல் ‘ஜோதி’ என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஜெர்மனியின் இசிஎம் நிறுவனம் அதை வெளியிட்டது. ஜாஸ் வாசிப்பவர்கள் கொன்னக்கோல் தேடி பெங்களூருக்கு வந்த காலம் அது. 1996இல் இங்கே தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழுவின் கிட்டார்க்காரர் புரூஸ் லீ மணி இந்த ஊர் வாசிப்புக்கு இன்னொரு முகம். அவர்கள் பாட்டு ராக்தான், ஆனாலும் தாளக் கணக்கின் விளையாட்டு அதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி மாடி வீட்டுப் பிள்ளையிடம் வருவோம். அவன் கையில் இருக்கும் ஐந்து சுரப் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். அதற்குள் ஒரு புதையல் இருக்கிறது, சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. மேஜர் பென்டடானிக் என்று அவன் படித்தது மோகன ராகத்தின் சுரங்கள்: ச ரி க ப த. ஃப்ரெட் பலகையில் அதற்கு ஐந்து பெட்டிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சுரங்களை மாற்றாமல் சட்ஜமத்தை மட்டும் நகர்த்துங்கள். ரிஷபத்தைச் சட்ஜமமாக வைத்தால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி, அவன் மைனர் பென்டடானிக் என்று படித்தது அதுதான். கிரகபேதம் என்று நம் வித்வான்கள் கச்சேரியில் செய்து கைதட்டு வாங்குவது இந்தக் காரியத்தைத்தான். பிள்ளை ஐந்து பெட்டிகளை மனப்பாடம் செய்திருக்கிறான், ஐந்து ராகங்கள் தன் கையில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

தெரிய வைப்பது எப்படி? தம்புராவை ஒலிக்க விட வேண்டும், செல்போனிலேயே தம்புரா செயலி கிடைக்கிறது. சட்ஜமம் காதில் நிற்காமல் பெட்டியை ஓட்டினால் அது வெறும் ஸ்கேல். சட்ஜமம் காதில் நின்றுவிட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் வீடு தெரியும், வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதும் தெரியும். அதன் பிறகு வாயைத் திறந்து பாட வேண்டும். கிட்டார் மடியில் இருக்கட்டும், கை தந்தியைத் தொடக்கூடாது. மூன்று சுரங்களுக்குள், ரி க ப என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிறு வாக்கியம் பாடிவிட்டு, பாடியதை மட்டும் வாசிக்க வேண்டும். ரிஷபம் தொண்டையில் எப்படி அசைந்ததோ அப்படியே விரலில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரெட்டுக்கு நடுவே இருக்கிற அந்த இடத்தைத் தேடும்போதுதான் பெண்டிங் என்பது அலங்காரமாக இல்லாமல் உச்சரிப்பாக மாறும். கிட்டாரைக் குழிக்கத் தேவையில்லை. மெல்லிய தந்தி போட்டு, முதல் இரண்டு தந்திகளில் பழகினாலே மோகனத்துக்குப் போதும். தோடிக்கு அவசரப்பட வேண்டாம்.

தாளம் இல்லாத மனோதர்மம் அலைந்துவிடும். ஆதி தாளத்துக்கு எட்டுத் தட்டு, தட்டுக்கு நான்கு மாத்திரை வைத்தால் 32. முதல் நான்கு தட்டில் என்ன வேண்டுமானாலும் வாசிக்கட்டும். மிச்சமுள்ள நான்கு தட்டில் 16 மாத்திரை இருக்கிறது. அதில் ஒன்றை மௌனமாக விட்டுவிட்டு, ‘த தி கி ந தொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை சொன்னால் 15 ஆகும். அடுத்த அடி சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், விழும். முதலில் கையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். வாயில் தடுமாறாமல் வந்த பிறகு அந்த ஐந்தெழுத்துக்கு மோகனத்தின் ஐந்து சுரங்களை வைத்து வாசிக்க வேண்டும். சமத்தில் வந்து விழுந்த அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் பெட்டிக்குள் ஓடியபோது வராத சிரிப்பு வரும். முடிவு எங்கே என்று தெரிந்தால் தொடக்கத்தில் துணிச்சல் வருகிறது. நம் தாளக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கற்பித்து வருகிறார்கள். 2006ஐ ஒட்டி மக்லாக்லினும் விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோலுக்கென்றே ஒரு பாட டிவிடி வெளியிட்டார்கள். கிட்டார்க்காரர்கள் முதலில் வாயால் தாளம் சொல்லிப் பழக வேண்டும் என்பதை அந்த அளவுக்கு மக்லாக்லின் நம்பினார்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் மனோதர்மத்துக்கு எதிரி, அவை கையைக் கட்டிவிடும் என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த வரிசைகளை மாயாமாளவகௌளையில் வகுத்தவர் இந்தக் கன்னட மண்ணின் புரந்தரதாசர் என்பது மரபு. சுரத்துக்கும் தாளத்துக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல விரலைப் பழக்குவது அவற்றின் வேலை. பதில் சொல்லப் பழகாத கையால் கேள்வி கேட்க முடியாது. விநாயக்ராமும் சங்கரும் அன்று லாங் ஐலண்டில் அந்தந்தக் கணத்தில் தோன்றியதை வாசித்தார்கள் என்றால், தோன்றியதை உடனே செய்து முடிக்கும் கைகள் அவர்களிடம் இருந்தன. அந்தக் கைகள் வீட்டுத் திண்ணையில், தகப்பனாருக்கு முன்னால், வருடக்கணக்கில் பழகியவை.

சக்தி 1978 வாக்கில் கலைந்து, 1997இல் புதிய பெயரோடு திரும்பி வந்தது. மேண்டலின் ஸ்ரீநிவாஸ் அதில் சேர்ந்து, 2014இல் 45 வயதில் மறையும்வரை மக்லாக்லினோடு வாசித்தார். 2023இல் சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், செல்வகணேஷ் ஆகியோரோடு ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார்.

ஈஜிபுராப் பகுதியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பெட்டியை வரைந்து கொடுக்கும் அன்றைக்கே தம்புராவையும் ஒலிக்கவிட்டு, மோகனத்தை ஒருமுறை பாடிக் காட்டுங்கள். நீங்கள் பாடகராக இருக்க வேண்டியதில்லை, சுருதி சேர்ந்தால் போதும். பெற்றோர்களே, பிள்ளை கிட்டாரோடு பாட்டு வகுப்புக்கும் போகிறேன் என்றால் இரண்டு செலவு என்று யோசிக்காதீர்கள், ஒரே படிப்பின் இரண்டு பாதிகள் அவை. பிள்ளைகளே, இந்த வாரம் வளவனூர் ராமநாதனின் பாட்டு ஒன்றைத் தேடிக் கேளுங்கள், பிறகு 1975ஆம் ஆண்டுக் கச்சேரியைக் கேளுங்கள், அதன் பிறகு கிட்டாரை எடுங்கள்.